ஆர்டர் போடுவது யார்?

"ஹெட் ஆபீஸ்லேர்ந்துதான் சார் வரணும்."

சூப்பர் மார்க்கெட் ஊழியர் சொன்னது. பிரெட் ரேக் காலி. கணினியில் மட்டும் இருப்பு 6. தேதி முடிந்து தூக்கிப்போட்டதைக் கணக்கில் கழிக்கவில்லை. கழிக்கும் லாகின் மேனேஜரிடம். அவருக்கு இன்று லீவு. இருப்பு குறையாமல் ஆர்டர் தானாகப் போகாது.

ஜப்பானின் செவன் இலெவன் கடைகள் 1982-லேயே பிஓஎஸ் (பில் போடும்போதே விற்பனையைப் பதியும் கணினி) வைக்கத் தொடங்கிவிட்டன. வாங்குபவரின் உத்தேச வயதைக்கூட ஊழியர் அப்போது ஒரு பட்டனில் பதிந்துவந்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது கருவி அல்ல. அந்தத் தகவல் கடைக்கே திரும்பி வந்ததுதான்.

நாளை மழையா, பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு விழாவா என்று பார்த்து, ஓனிகிரி (ஜப்பானியச் சோற்று உருண்டை) எத்தனை வேண்டும் என்பதைப் பகுதிநேர ஊழியரே ஆர்டர் போடுவார். மறுநாள் விற்பனையோடு தன் கணிப்பை ஒப்பிடுவார்.

நம் ஊரில் பிஓஎஸ் வாங்கிவிடுகிறோம். அதிகாரத்தை மட்டும் இறக்குவதில்லை (அதற்கு பட்ஜெட்கூட தேவையில்லை!).