நியூட்ரலில் ஒரு பியூஸ்

பழைய வீட்டுக்கு மறு வயரிங் பேசப் போனால் நான் முதலில் பார்ப்பது மெயின் போர்டில் இருக்கும் பீங்கான் பியூஸ்களைத்தான். ஒரு சர்க்யூட்டுக்கு இரண்டு, அதாவது கரண்ட் வரும் கம்பியில் ஒன்று, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் ஒன்று என்று இருந்தால் அன்று முழுக்க டெஸ்டரைக் கீழே வைக்க மாட்டேன்.

இது எடிசன் காலத்துப் பழக்கம். 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவிலிருந்து அவர் கொடுத்தது 110 வோல்ட் டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அந்த மாதிரி இரண்டு கம்பி சப்ளையில் இரண்டு பக்கமும் பியூஸ் வைத்ததில் தப்பில்லை. திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் வந்து, நியூட்ரலை டிரான்ஸ்பார்மரிலேயே எர்த் செய்த பிறகும் பழக்கம் விடவில்லை. இப்போது நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் என்ன ஆகும்? விளக்கு அணையும், ஃபேன் நிற்கும், 230 வோல்ட் மட்டும் அப்படியே இருக்கும். ஸ்விட்ச் போட்டிருந்தால் பல்பு வழியாக வந்து நியூட்ரலிலும் நிற்கும். டெஸ்டர் இரண்டு கம்பியிலும் எரியும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைத்தால் அவ்வளவுதான். 1956 இந்திய மின்சார விதிகள் நியூட்ரலில் பியூஸ் கூடாது என்று சொல்லிவிட்டன. ஏற்கெனவே போட்டதை யார் போய் மாற்றினார்கள்? அதை எடுத்துவிட்டு, உருகாமல் நேராக இணைக்கும் லிங்க் போடுவதுதான் என் முதல் வேலை.

ஆனால் கைவேலையில் அந்தக் கால வயர்மேன்களைக் குறை சொல்ல மாட்டேன். வயர் ஓடும் தேக்கு ரீப்பரை நூல் பிடித்து அடித்திருப்பார்கள். ஜாயிண்டை முறுக்கி, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றியிருப்பார்கள். இன்று அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது! ரப்பர் உறைக்கு உள்ளே கம்பி வெள்ளையாகத் தெரியும். கூட வரும் பையன்கள் அலுமினியம் என்பார்கள். சுரண்டிக் காட்டினால் செம்பு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள். நிஜ அலுமினிய வயர் பிற்பாடு வந்தது. திருகு இளகும், சூடாகும், ஸ்விட்ச் கருகும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ரப்பர் வயர் அசையாமல் கிடக்கும்வரை நன்றாகத்தான் தெரியும். ஹோல்டர் மாற்றலாம் என்று நுனியை வளைத்தால் உறை பொடிப்பொடியாக உதிரும். “இத்தனை வருஷமா எரியுதே தம்பி” என்பார் வீட்டுக்காரர். எரிந்தது நாலு குண்டு பல்பு. இப்போது அதே கம்பியில் கிரைண்டர், ஃபிரிட்ஜ், அப்புறம் ஏசியும் வேண்டுமாம்.

சிலர் வயரைத் தொடாமல், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஆர்சிசிபி மட்டும் போடச் சொல்வார்கள். சரி என்று போடுவேன். முதல் மழையில் சுவர் ஓதமானதும் டிரிப் ஆகும். தூக்கிவிட்டால் மறுபடியும் டிரிப். “நீங்க போட்டது டூப்ளிகேட் போல” என்று போன் வரும். வயர் உறை தாங்குகிறதா என்று அளக்கும் மெக்கரை எடுத்துப் போய் 500 வோல்ட் கொடுத்து, முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடப்பதை அவர்களையே பார்க்கச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் மறு வயரிங்குக்கு ரேட் பேச்சே ஆரம்பிக்கும்.