யாருக்கு எந்த விரல்

மண்டபம், பாம்பன் பக்கத்துக் கிராமங்களில் விரல்ரேகை மிஷினை வைத்து ஊருக்குள்ளேயே பணம் எடுக்க, போட உதவும் பேங்க் ஏஜென்டாக இருக்கும் பெண்களுக்குக் கூடமாட நின்று உதவுவதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் மிஷினை எப்படிப் பிடிப்பது, ரசீது எப்படி எடுப்பது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு ஏஜென்ட் அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பேருக்கும் நேரே 'இடது மோதிரவிரல்', 'வலது சுண்டுவிரல்' என்று எழுதியிருந்தது.

கடலில் முங்கிப் பாறையில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற கடற்பாசிகளைப் பறிக்கிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் போவார்கள், இருந்தும் ரேகை தேய்ந்துவிடும். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருப்பதால் எது விழுந்தாலும் பணம் எடுக்கலாம். அது தெரியாமல் கட்டைவிரலையே நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். எங்கள் பயிற்சிக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, மிஷினையாவது சமாளித்துவிடலாம், கைக்காசுதான் பெரும்பாடு. ஏஜென்ட் தன் கையிலிருந்து நோட்டை எண்ணிக் கொடுக்கிறார், அந்தத் தொகை அவர் கணக்கில் ஏறுகிறது, அதை மறுபடி நோட்டாக்க பஸ் ஏறி பேங்குக்குப் போக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வர ஆரம்பித்ததிலிருந்து 15-ஆம் தேதியை ஒட்டி வாசலில் கூட்டம்தான், பத்து மணிக்கெல்லாம் பெட்டி காலி. மீன்பிடி நடக்கிற மாதங்களில் மீன் விற்ற காசைப் போட நாலு பேர் வருவார்கள், அதை வைத்து ஓட்டிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது போடுகிற ஆள் ஏது, எல்லாரும் எடுக்கத்தான் வருகிறார்கள்.

இதையெல்லாம் விட மோசம், கணக்கில் பணம் கழிந்து, மிஷினில் மட்டும் 'தோல்வி' என்று வருவது. ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதி. அதை நான் ஏதோ பெரிய ஆறுதல் மாதிரி சொல்ல, அந்த அக்கா கேட்டார்: "உங்களுக்கு அஞ்சு நாளு மேடம். அவுக மூஞ்சிய நான் தெனமும் குழாயடியில பாக்கணுமே?"

பதில் சொல்ல வரவில்லை.

இப்போதெல்லாம் 15-ஆம் தேதி பயிற்சி வகுப்பு வைப்பதில்லை. காலையிலேயே போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, யாருக்குப் பணம் மாட்டினாலும் உடனே புகார் எண் வாங்கிக் கொடுக்கிறேன். மாத அறிக்கையில் இதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை, அது வேறு கதை.

போன மாதம் அந்த நோட்டை மறுபடி பார்த்தேன். விரலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டு, பணம் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தன் கையிலிருந்து கொடுத்ததை எழுதியிருந்தார். இரண்டு பேர் கணக்கு இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது.