வெயிலில் ஓடும் பொம்மைக் கார்

என் மகளுக்கு வாங்கித் தந்த, சூரிய ஆற்றலில் ஓடும் பொம்மைக் காரைச் செய்து பார்க்கும் பெட்டியில், செய்முறைத் தாளைவிட அதனோடு வந்த சிறிய நீலத் தகடே அதிகம் கற்றுத் தருகிறது. ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் மின்கலம் ஒன்று, எவ்வளவு பெரியதானாலும், ஏறத்தாழ 0.5 வோல்ட்தான் தரும். ஆகவே மோட்டாரைச் சுழற்றுவதற்காகத் தகட்டில் பல கலங்களைத் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒரே ஒரு கலத்தை விரலால் முழுவதும் மூடினால், மற்றவை வெயிலில் இருந்தும் சக்கரம் நின்றுவிடுகிறது. ஏனெனில், தொடர் இணைப்பில் ஒரே மின்னோட்டம் எல்லாக் கலங்களின் வழியாகவும் சென்றாக வேண்டும். தொடர் இணைப்பை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

டியூப்லைட்டின் கீழ் கார் அசையாததைப் பார்த்துவிட்டுப் பொருள் பழுது என்று பெற்றோர் பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் தருகிறது. அறை விளக்கின் ஒளி அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. மொட்டை மாடிக்குக் கொண்டு போனால் அதே சக்கரங்கள் விர்ரென்று சுழலும். தகட்டைச் சாய்க்கச் சாய்க்க வேகம் மாறுவதைக் குழந்தையே கண்டறியட்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கும்போது, பற்சக்கரங்களைக் கழற்றி மாற்றக்கூடிய பெட்டியையே தேர்ந்தெடுங்கள். சிறிய சக்கரம் பெரியதைச் சுழற்றும்போது வேகம் குறைந்து இழுக்கும் வலு கூடுவதை அதில் விரலாலேயே உணரலாம்.