பின்சக்கரத்தில் கீச் சத்தம்: பேரிங் மாற்றியும் போகவில்லை

ஐப்பசி மழையில் மூன்று வாரம் எங்கள் கார் கும்பகோணத்தில் வீட்டு வாசலிலேயே நின்றது. அப்பாவின் சிகிச்சைக்காக நாங்கள் தஞ்சாவூரில் தங்கியிருந்தோம். திரும்பி வந்து வண்டியை எடுத்த அன்றே இடது பின்சக்கரத்தில் கீச், கீச் என்று சத்தம். தெருவுக்குள் மெதுவாகப் போனால் தெளிவாகக் கேட்டது. வேகம் கூடினால் மற்ற இரைச்சலில் அமுங்கிவிடும். அப்பாவை அடிக்கடி தஞ்சாவூர் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் அதை அப்படியே விட மனசு வரவில்லை.

முதலில் போன பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழல வைக்கும் குண்டு வளையம்) போய்விட்டது என்றார்கள். மாற்றினோம், 2,200 ரூபாய். இரண்டு நாள் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் அதே கீச்.

சரி, இனி எதையும் மாற்றுவதற்கு முன்னால் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். முதலில் பிளாஸ்டிக் வீல் கேப்பைக் கழற்றினேன். சக்கரத்தோடு உரசி அதுவே கீச்சிடுவது உண்டு. சத்தம் போகவில்லை. அடுத்து டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். நான் நடை வேகத்தில் ஓட்ட, மச்சான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார். கோடு கீழே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கீச். அப்படியென்றால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றுதான் உரசுகிறது. குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனாக இருந்தால் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதுதான் முனகும், சமதளத்தில் இப்படித் தாளம் தவறாமல் வராது.

எனக்கு வழி காட்டியது அடுத்த சோதனைதான். ஆளில்லாத தெருவில் 10 கி.மீ. வேகத்தில், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை ஒன்றிரண்டு பல் மட்டும் மெல்லத் தூக்கினேன். சத்தம் சட்டென்று நின்றது. இறக்கினேன், திரும்ப வந்தது. பேரிங் தேய்ந்திருந்தால் ஹேண்ட் பிரேக் அதை அடக்காது. அதன் சத்தமும் பெரும்பாலும் கீச் இல்லை, வேகத்தோடு ஏறும் ஒரு உறுமல்; வளைவில் திரும்பும்போது கூடும், குறையும். ஆக, சந்தேகம் பிரேக் மேல் வந்தது.

மறுநாள் தஞ்சாவூர் போய் இறங்கியதும், தொடாமல் கையைப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோய் இரண்டு பின்சக்கரங்களின் சூட்டையும் பார்த்தேன். இடதுபக்கம் நன்றாகவே கொதித்தது.

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டேன். இதில் மட்டும் கவனம் வேண்டும்: பின்சக்கரம் சுழல ஹேண்ட் பிரேக்கை இறக்கியாக வேண்டும், அதனால் வண்டி உருள வாய்ப்புண்டு. சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக்கொடுத்தேன். வண்டிக்கு அடியில் போகவில்லை. வலது சக்கரத்தைக் கையால் சுழற்றினால் மூன்று சுற்று ஓடியது. இடது ஒரு சுற்றுகூட முழுசாகப் போகவில்லை.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேறொரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் அண்ணன் பொறுமையாகப் படித்துவிட்டு, "தம்பி, கேபிளைப் பார்ப்போம்" என்றார். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தியதும் சக்கரம் தாராளமாகச் சுழன்றது. கேபிளின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. மூன்று வாரமும் ஹேண்ட் பிரேக் இறுக்கிப் போட்ட நிலையிலேயே நின்றதால் துரு பிடித்து, கேபிள் முழுசாகப் பின்வாங்கவில்லை. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்; பிரேக் போட்டால் அதை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டைதான் ஷூ. அந்த ஷூ டிரம்மை லேசாக உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. டிரம்மில் துருத் தடம் இருந்த இடத்தில்தான் சுற்றுக்கு ஒரு கீச். பேரிங் மாற்றியபோது டிரம்மையும் கழற்றித் துடைத்திருப்பார்கள், அதனால்தான் இரண்டு நாள் அடங்கியிருக்கும் என்றார் அண்ணன். எனக்கும் அது சரியாகவே பட்டது.

டிரம்முக்குள் இருந்த தூசியை அவர் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டைதான் லைனிங்; பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். லைனிங் இன்னும் 3 மி.மீ. இருந்ததால் ஷூவை மாற்றச் சொல்லவில்லை. பளபளத்துப்போன மேல்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தார். ஷூ உட்காரும் பின்தட்டில் அது உரசும் இடங்களில் மட்டும், சூடு தாங்கும் கிரீஸைப் பொட்டு வைப்பது போல வைத்தார். லைனிங்கில் கிரீஸ் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால் அதில் அத்தனை நிதானம். புதுக் கேபிளும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய்.

இப்போதெல்லாம் மழை நாளில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்த வேண்டி வந்தால், சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டு வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுத்தான் போகிறேன். நேற்று அப்பாவைத் தஞ்சாவூர் கூட்டிப்போனேன். பாபநாசம் கடைத்தெருவில் வண்டி ஊர்ந்தபோது கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன். பின்சக்கரத்தில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.