பீடோங் (கெடா, மலேசியா) நாட்குறிப்பு: அக்டோபர் 2025

6 அக்டோபர், திங்கள்

இன்று ஜாவா நிரல்மொழி வகுப்பில் பலகையில் இரண்டே வரிகள் எழுதினேன். முதல் வரியில் ஒரு தொழிலாளி ஆப்ஜெக்டை (தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்து வைக்கும் அலகை) உருவாக்கி ‘அ’ என்ற மாறியில் வைத்தேன். அடுத்த வரியில் ‘ஆ’ என்ற மாறிக்கு ‘அ’வைக் கொடுத்தேன். ‘ஆ’வின் சம்பளத்தை மாற்றினால் ‘அ’வின் சம்பளம் என்ன ஆகும் என்று கேட்டதும், பெரும்பாலோர் மாறாது என்றார்கள். முதல் தவணை முழுவதும் எண்களை வைத்துப் பழகியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஜாவா இரண்டு இடத்திலும் மாறியில் இருப்பதைத்தான் நகலெடுக்கிறது. எண் என்றால் எண்ணே நகலாகும், ஆப்ஜெக்ட் என்றால் அதைச் சுட்டும் குறிப்பு மட்டுமே நகலாகும். ஒரு பெட்டியும் அதை நோக்கி இரண்டு அம்புகளும் வரைந்தேன். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த பெண் எழுந்து, “அந்தப் பெட்டி இப்ப எங்க இருக்கு சார்?” என்று கேட்டாள். இந்தத் தவணையில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது. மீதி நேரம் முழுவதையும் நினைவகத்துக்கே கொடுத்துவிட்டேன்.

7 அக்டோபர், செவ்வாய்

மழை. ஆய்வகத்தில் மின்சாரம் இல்லாததால் எல்லாரும் தாளில் அம்பு வரைந்தார்கள்.

9 அக்டோபர், வியாழன்

எண்ணை ஆப்ஜெக்டாகப் பொதியும் இன்டிஜர் வகையில் இரண்டு மாறிகளுக்கு 127ஐக் கொடுத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் உண்மை என்று வருகிறது. 128ஐக் கொடுத்தால் பொய் என்று வருகிறது. மைனஸ் 128 முதல் 127 வரையான மதிப்புகளுக்கு ஜாவா ஆப்ஜெக்டுகளை முன்பே செய்து வைத்து அவற்றையே திரும்பத் திரும்பத் தருகிறது என்பதுதான் காரணம். இரட்டைச் சமக்குறி கேட்பது ‘ஒரே பெட்டியா’ என்பதை. ஈக்வல்ஸ் என்ற ஒப்பீடு கேட்பது ‘ஒரே மதிப்பா’ என்பதை. திங்களன்று அம்பு வரையாதிருந்தால் இதை மனப்பாடம்தான் செய்திருப்பார்கள்.

13 அக்டோபர், திங்கள்

பாடத்திட்டக் கூட்டம். மரபுரிமையை, அதாவது ஒரு வகையின் பண்புகளை அதன் கீழ்வகைகள் பெறுவதை, மூன்றாம் வாரத்துக்கே கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். விலங்கு, அதன் கீழ் நாய், பூனை. இதை நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன். 1960களில் ஆஸ்லோவில் கணினி அறிஞர்கள் டாலும் நைகார்டும் சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கியது, காலப்போக்கில் இயங்கும் அமைப்புகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காக. வரிசையில் வந்து நின்று, காத்திருந்து, வேலை முடிந்து போகும் ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே சுமந்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. சிமுலா 67இலேயே மரபுரிமையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஓர் ஆப்ஜெக்ட் எப்படி வாழ்கிறது என்று அறியாத மாணவனுக்குக் குடும்ப மரத்தை முதலில் காட்டினால், அவன் ஆயுள் முழுதும் மரம் வரைந்துகொண்டிருப்பான்.

முடிவை அடுத்த வாரம் சொல்வார்களாம்.

15 அக்டோபர், புதன்

பயிற்சி வகுப்பில் தோட்டச் சம்பளக் கணக்கைக் கொடுத்தேன். எல்லாருமே தொழிலாளி என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் வார்ப்பு) எழுதி, அதன் கீழ் பால்மரம் வெட்டுபவர் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்), புல் வெட்டுபவர் என்று பிரித்துவிட்டார்கள். பின்வரிசைப் பெண் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, “எங்க பாட்டி வெயிலுக்கு முன்னால மரம் வெட்டுவாங்க சார். மழை பெஞ்சா மரம் வெட்ட முடியாது, அன்னைக்கிப் புல் வெட்டப் போயிருவாங்க. அவங்கள எதுல போடறது?” என்றாள்.

ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்ட் பிறந்த கிளாஸிலேயே கடைசிவரை இருக்கும். பாட்டியைப் பால்மரம் வெட்டுபவராக உருவாக்கிவிட்டால், மழை நாளில் அவரை அழித்துவிட்டு வேறொருவராகப் படைக்க வேண்டும். அதுவரை சேர்ந்த சம்பளத்தை யார் சுமப்பது? பாட்டி எப்போதும் தொழிலாளிதான். அன்றைய வேலையைத் தனி ஆப்ஜெக்டாக்கி அவரிடம் கொடுத்தால் தீர்ந்தது. நான் சொல்வதற்குள் அவளே அதை வரைந்துவிட்டாள். மரபுரிமையைவிடக் கூட்டமைப்பை (ஓர் ஆப்ஜெக்ட் இன்னொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வதை) நாடுங்கள் என்று 1994 முதல் வடிவமைப்பு நூல்கள் சொல்லி வருவதை, ஒரு தோட்டத்துப் பாட்டியின் மழை நாள் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டது. அந்தத் தாளைக் கூட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மாணவர்கள் பலர் வாழ்த்து அனுப்பினார்கள்.

22 அக்டோபர், புதன்

பின்வரிசைப் பெண் வரவில்லை. கூலிம் பக்கம் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்திருப்பதாகத் தோழி சொன்னாள். பாடத்தைக் கைவிடும் படிவத்துக்கு 30ஆம் தேதி கடைசி நாள். செய்தி அனுப்பினேன்.

23 அக்டோபர், வியாழன்

பதில் இல்லை. கூட்டத்தின் முடிவும் வரவில்லை.

27 அக்டோபர், திங்கள்

சோதனைத் தாள் திருத்தினேன். அம்புக் கேள்வியை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் வெளியார் தொடக் கூடாது என்று ‘பிரைவட்’ போட்டுவிட்டு, ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு புலத்துக்கும் மதிப்பைத் தரும் கெட்டர், மாற்றும் செட்டர் இரண்டையும் தட்டிவிடும் பழக்கம் போகவில்லை. பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிடுவதில் என்ன பாதுகாப்பு? சம்பளத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால், ‘சம்பளம் கூட்டு’ என்ற மெத்தடுக்கு (செயலுக்கு) அங்கே வேலையே இல்லை. நாளை முழு வகுப்பும் இதற்குத்தான்.

28 அக்டோபர், செவ்வாய்

பின்வரிசைப் பெண்ணின் பயிற்சி இரவில் வந்து சேர்ந்தது. வேலைக்கு ஓர் இன்டர்ஃபேஸ் (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்), அதை நிறைவேற்றும் இரண்டு கிளாஸ்கள், தொழிலாளியிடம் வேலைகளின் பட்டியல். தெளிவான நிரல். ஒரே ஒரு குறை: கெட்டர் அந்தப் பட்டியலையே வெளியே கொடுத்துவிடுகிறது, வாங்கியவர் அதில் இஷ்டம்போல் சேர்க்கலாம். நகலைக் கொடும்மா என்று எழுதினேன். உடனே, நகலுக்குள் இருக்கும் வேலைகள் பழைய ஆப்ஜெக்டுகள்தானே என்று கேட்டாள். ஆம்; வேலைகள் மாறாதவை என்றால் பட்டியலை மட்டும் எடுக்கும் மேலோட்டமான நகலே போதும், மாறக்கூடியவை என்றால் ஒவ்வொன்றையும் நகலெடுக்க வேண்டும் என்று பதில் அனுப்பினேன். படிவத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.