கரிநெருப்பு

மாட்டுத்தாவணியில் இராமேசுவரம் பஸ்ஸில் ஏறப்போன என்னை நடத்துநர் இறக்கிவிட்டார். "முத்தனேந்தலில் நிற்காது, மானாமதுரை வண்டியைப் பாருங்கள்." அன்று மாதத்தின் முதல் வெள்ளி. இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோயிலுக்குப் போய்வா என்று அம்மா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டுவலியால் அவரால் வர முடியாது. "என் பேரிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வா" என்று நூறு ரூபாயைக் கையில் திணித்தார். நாற்பத்தாறு வயதில் அம்மாவிடம் வழிச்செலவுக்குக் காசு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். என் நிலைமையை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

மதுரையில் பதினோரு ஆண்டுகள் ஒரு சிறிய ஆஃப்செட் பிரஸ் நடத்தினேன். கல்யாணப் பத்திரிகை, பொங்கல் விழா நோட்டீஸ், பில் புத்தகம். எல்லோரும் கைப்பேசியிலேயே பத்திரிகை அனுப்பத் தொடங்கியதால்தான் தொழில் படுத்தது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அது பாதி உண்மை. நிலுவையைக் கேட்கக் கூச்சப்பட்டதும், இரண்டாவது மிஷின் வேண்டாம் என்ற மனைவியின் பேச்சை மீறி அவள் நகையையே அடகு வைத்து அதை வாங்கியதும் மீதிப் பாதி. கடைசியில் அந்த மிஷினை எடைக்குத்தான் போட்டேன். தராசில் ஏற்றும்போது உருளையில் சிவப்பு மை பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அது கடைசியாக ஓட்டிய காதணி விழாப் பத்திரிகையின் மை. ஆள்காட்டி விரலில் பட்டதைத் துடைக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அதைவிடக் கேவலமான காரியம் பிறகு நடந்தது. டீக்கடையில் ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த பிரஸ் ஓனர் நீங்கள்தானே?" என்று கேட்டார். "இல்லை, அது வேறு ஆள்" என்றேன். கடன்காரர்கூட இல்லை, பாவம், மகள் கல்யாணத்துக்கு என்னிடம் பத்திரிகை அடித்தவர். சேவல் கூவும் முன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்ததாக வேதம் சொல்கிறது. நான் ஏழெட்டு முறையாவது மறுதலித்திருப்பேன். சேவல்தான் கூவவில்லை.

சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி என்று வண்டி நின்று நின்று போனது. முத்தனேந்தலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடைக்காட்டூர் சேர்ந்தபோது பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது.

கருவேலங்காட்டுக்கும் வயலுக்கும் நடுவே இப்படி ஒரு கோயிலா என்று முதல் தடவை வருகிறவர் நின்றுவிடுவார். ஃபெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சு சேசு சபைக் குருவானவர், பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்துக் கட்டிய கோதிக் கோயில் இது. 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊசிக் கோபுரமும் கூர்வளைவு வாசலும் வெளிநாட்டுச் சாயல்தான், ஆனால் உடம்பெல்லாம் சுட்ட மண். வளைவுக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று என்று தனித்தனி அச்சில் வார்த்த செங்கற்கள். அச்சு என்றால் என் கை சும்மா இருக்காது. வாசல் ஓரம் ஒரு செங்கல்லைத் தடவிப் பார்த்தேன். வெயிலில் சூடேறியிருந்தது. கோணம் இன்னும் மழுங்கவில்லை.

உள்ளே உட்கார்ந்ததும், யாரும் மெழுகுதிரி ஏற்றாத ஒரு மனிதரின் நினைவு வந்தது. கொன்சாலோ பெர்னாண்டஸ். துறவிக் கோலத்தில் மதுரையில் மறைபரப்பிய இத்தாலியக் குரு தெ நொபிலிக்கு முன்பே, 1595இல் மதுரைக்கு வந்த போர்த்துக்கீசியக் குரு. கோயில் வைத்தார், பள்ளிக்கூடம் வைத்தார், நோயாளிகளைக் கவனித்தார். தொழில் விஷயமாக மதுரை வந்துபோன முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைத்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1606இல் தெ நொபிலி வந்து பார்த்தபோது, மதுரைக்காரர்களில் பெர்னாண்டஸால் மனந்திரும்பியவர் என்று சொல்ல ஏறக்குறைய யாருமே இல்லை. பிறகு தெ நொபிலியின் காவியும் பூணூலும் பிடிக்காமல் அவர்மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார் பெர்னாண்டஸ். வரலாற்றில் நொபிலிக்குக் குறுக்கே நின்றவராகத்தான் அவர் பெயர் தங்கிவிட்டது. நோயாளிக்கு அவர் ஊற்றிக்கொடுத்த கஞ்சியை எந்தக் கணக்கில் வைப்பது?

சாட்சி சொல்லும் கூட்டங்களுக்கு நான் போவதில்லை. கடை போயிற்று, ஜெபித்தேன், இப்போது மூன்று கடை இருக்கிறது என்பார்கள். அவர்களுக்குக் கிடைத்தது கிடைக்கட்டும். ஆனால் ஒரு கடையும் திரும்பக் கிடைக்காதவன் எங்கே எழுந்து நின்று சாட்சி சொல்வான்? சிலுவையில் தொங்கியவரைக் கும்பிடும் கூட்டத்தில், தோற்றவனுக்கு மைக் கிடையாது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்து மண்டியிட்டபோது, ஒரு பழைய புரூஃப் நினைவுக்கு வந்தது. முன்பு ஒரு தியானக் கையேடு அச்சடித்தேன். ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்தால் புரூஃப் பார்ப்பவன் கண் தானாக நின்றுவிடும். அப்படி நின்ற சொல் 'கரிநெருப்பு'. யோவான் 18இல், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "நான் அவன் சீஷன் அல்ல" என்ற இடத்தில் ஒன்று. யோவான் 21இல், உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் மூட்டி வைத்திருந்தது மற்றொன்று. மூலத்தின் கிரேக்கச் சொல்லும் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டே இடத்தில்தான் வருகிறது என்று கையேட்டின் ஓரக்குறிப்பு சொன்னது. அன்று எழுத்துப்பிழை இல்லை என்று டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன்.

அந்தக் கடற்கரைக் கதையில், பேதுருவும் கூட்டாளிகளும் இரவெல்லாம் வலை போட்டும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. விடிந்ததும் கரையிலிருந்து ஒரு குரல் வழிகாட்டியது. வலை நிறைந்தது, 153 மீன். ஆனால் அவர்கள் கரையேறும் முன்பே தணலில் மீன் வெந்துகொண்டிருந்தது. இவர்கள் பிடித்ததை நம்பி அவர் அடுப்பு மூட்டவில்லை. ஏன் மறுதலித்தாய் என்றும் அவர் கேட்கவில்லை. முதலில் வந்து சாப்பிடுங்கள் என்றார். "என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி சாப்பிட்ட பிறகுதான். அந்தக் கரிப்புகை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு அந்த முற்றம் ஞாபகம் வராமலா இருந்திருக்கும்?

அம்மாவின் மெழுகுதிரியை ஏற்றினேன். பக்கத்தில் இன்னொன்றும் ஏற்றினேன், பெர்னாண்டஸுக்கு. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு அம்மா இரும்புச் சட்டியில் கரி போட்டுச் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார். பனையோலை விசிறியால் விசிறும்போதெல்லாம் தணல் சிவந்து, மணிகள் படபடவென வெடித்தன. ஒன்று கேட்டேன்.

"மதுரையா தம்பி? என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

வாய் வழக்கம்போல வேறெதையோ சொல்லத் திறந்தது. புகை கண்ணில் பட்டுக் கரித்தது.

"பிரஸ் வைத்திருந்தேன் அம்மா. நொடித்துப்போய்விட்டது."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எலுமிச்சை மூடியை மிளகாய்ப்பொடியில் தோய்த்தபடி, "காரம் தூக்கலாக வேண்டுமா, கம்மியாகப் போடட்டுமா?" என்று கேட்டார்.