அசல் எம்1 ஹெல்மெட் ஒன்று கைக்கு வந்த வழி

பாரிஸ் புறநகரில் வசிக்கும் நான், இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் படைப் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கியபோது முதலில் வாங்கியதே தவறான பொருள். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை ஒன்றில், 1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரனுடைய எம்1 ஹெல்மெட் என்று சொல்லப்பட்டதை நம்பி 180 யூரோ கொடுத்தேன். தம் பாட்டனார் வீட்டுக் கொட்டகையில் அது கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரமாகக் கிடந்தது என்று விற்றவர் சொன்ன கதையில் மயங்கினேனே தவிர, ஹெல்மெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது போர் முடிந்த பிறகு பிரெஞ்சுப் படைக்காகச் செய்யப்பட்ட 1951 மாதிரி. வெளித்தோற்றத்தில் எம்1-ஐ ஒத்திருக்கும் என்பதால் பிரான்ஸ் சந்தைகளில் பலர் இதில் ஏமாறுகிறார்கள் என்பது பின்னர் தெரிந்தபோது ஓரளவு ஆறுதலாக இருந்தது.

அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டு எதையும் வாங்காமல், பார்ப்பதை மட்டுமே வேலையாக வைத்துக்கொண்டேன். எம்1 ஹெல்மெட் 1941-இல் ஏற்கப்பட்டது. போர்க்காலத்தில் அதன் எஃகுக் கூட்டைச் செய்தவை டெட்ராய்ட் நகரின் மெக்கார்ட், செயின்ட் லூயிஸ் நகரின் ஷ்லூட்டர் ஆகிய இரண்டு நிறுவனங்கள். கூட்டின் முன்புற உட்பகுதியில், விளிம்பை ஒட்டி, எஃகு உருக்கின் தொகுதியைக் குறிக்கும் எண் குத்தப்பட்டிருக்கும். ஷ்லூட்டர் கூட்டில் அதனுடன் எஸ் என்ற எழுத்தும் இருக்கும். தாடைப்பட்டையைத் தாங்கும் கம்பி வளையங்கள் தொடக்கத்தில் கூட்டோடு அசையாதபடி பற்றவைக்கப்பட்டிருந்தன. அவை எளிதில் உடைந்ததால் 1943-இன் இறுதியில் அசையும் வளையங்கள் வந்தன. விளிம்பைச் சுற்றியுள்ள எஃகுப் பட்டையின் இரு முனைகளும் முதலில் நெற்றிப் பக்கம் சந்தித்தன; 1944-இன் இறுதிவாக்கில் அந்த இணைப்பு பின்பக்கம் போயிற்று. ஆக, ஒரே ஹெல்மெட்டில் ஒவ்வோர் உறுப்பும் தன் காலத்தைத் தனித்தனியே சொல்கிறது; அந்தச் சாட்சிகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் வாங்குபவரின் வேலை.

சட்டைப் பையில் ஒரு சிறிய காந்தத்தையும் வைத்துக்கொண்டேன். எம்1 கூடு ஹாட்ஃபீல்ட் எனப்படும் மாங்கனீசு எஃகால் ஆனது. அதில் காந்தம் ஒட்டாது. சாதாரணத் தகட்டில் அடித்த அலங்காரப் பொருட்களை இந்தச் சோதனை ஒரு நொடியில் ஒதுக்கிவிடும். ஆனால் போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கூடுகளும் அதே எஃகுதான் என்பதால், காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து யாரும் மகிழ்ந்துவிடக் கூடாது.

1944 தரையிறக்கத்தின் ஜூன் மாத நினைவு நாட்களையொட்டி நார்மண்டியில் கூடிய சந்தை ஒன்றில், பாராசூட் வீரர்களுக்கான எம்2 வகை என்று சொல்லி ஒரு ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார்கள். எம்2-இன் அடையாளமே டி எழுத்து வடிவிலான அசையாத வளையங்கள்தான். அதனாலேயே போலி செய்பவர்களுக்கு அது மிகவும் பிடித்தமான வகை. நான் பார்த்த ஹெல்மெட்டில் வளையத்தைச் சுற்றிலும் வண்ணம் சற்றுப் புதியதாகவும், உட்புறத்தில் பற்றவைத்த சூட்டின் நீலத் தடம் மெலிதாகத் தெரிவதாகவும் இருந்தது. விளிம்பின் இணைப்போ பின்பக்கத்தில்! ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். விற்றவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இறுதியில் நான் வாங்கியது, சேகரிப்பைக் குறைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரின் வீட்டில். அசையாத வளையங்கள், நெற்றிப் பக்க இணைப்பு, தெளிவான மெக்கார்ட் எண் ஆகிய மூன்றும் பொருந்தின. துருப்பிடிக்காத எஃகாலான விளிம்புப் பட்டையில் வண்ணம் சரியாகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாக உதிர்ந்து வெள்ளையாக மின்னியது. கூட்டின் மேற்பரப்பில், வண்ணத்தோடு தூவிய தக்கைத் தூளின் சொரசொரப்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. விளிம்பிலிருந்து மேல்நோக்கி நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசலும் இருந்தது. அதைக் குறையாகச் சுட்டி விலையைக் குறைக்கச் சொன்னபோது முதியவர் சிரித்துவிட்டார். தகட்டை அழுத்தி வடிவமைத்தபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கத்தால் போர்க்காலக் கூடுகள் இப்படி விரிசல் விடுவது வழக்கம் என்றும், போலி செய்பவன் இதையெல்லாம் செய்துகொண்டிருக்க மாட்டான் என்றும் சொன்னார். விலை குறையவில்லை.

தாடைப்பட்டை மட்டும் பொருந்தவில்லை. அந்தக் காலத்துக் கூட்டில் வெளிர்க் காக்கிப் பட்டை இருக்க வேண்டும். இதில் இருந்தது பின்னாளில் வந்த அடர்பச்சைப் பட்டை. புதிதாக நெய்த காக்கிப் பட்டையைத் தைத்துச் "சரிசெய்து" விடலாம் என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். கிழிந்த பட்டையைப் படைக் கிடங்கே மாற்றித் தைத்து மறுபடி வழங்கியது சாதாரண நடைமுறை. அதை நான் பிரித்தால் நடந்த ஒன்றை அழித்து, நடக்காத ஒன்றைத் தைத்தவனாவேன்.

அமெரிக்கப் படையினர் களத்தில் அணிந்த மேற்சட்டையான எம்-1943 ஃபீல்ட் ஜாக்கெட்டில் வேறு வகைச் சிக்கல். நான்கு பைகளும், மறைந்த பொத்தான்களும், இடுப்பில் உட்புறக் கயிறும் கொண்ட அந்த ஜாக்கெட்டைப் போலவேதான் 1950 மாதிரியும் இருக்கும். உட்புறத்தில் கதகதப்பு உறையைப் பொருத்துவதற்கான பொத்தான்கள் இருந்தால் அது பின்னது. ஜிப் வைத்தது 1951 மாதிரி. ஒப்பந்த எண்ணும் நாளும் அச்சிட்ட துணிச்சீட்டு இருந்தால் ஐயமே எழாது, ஆனால் சலவையில் முதலில் அழிவது அதுதான். எனக்குக் கிடைத்ததில் சீட்டின் பாதி எஞ்சியிருந்தது. பிற்காலத்து நூல் புற ஊதா விளக்கில் ஒளிரும் என்பார்கள்; அந்த விளக்கைக் காட்டியபோது இதில் தையல் நூல் எதுவும் ஒளிரவில்லை. ஒளிர்ந்திருந்தாலும் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது; இன்றைய சலவைத்தூளில் ஒருமுறை துவைத்த அசல் துணியும் ஒளிரும். அதனால் நான் அதைத் துவைக்கவில்லை, அகன்ற மரத் தாங்கியில் பருத்தித் துணி சுற்றி மாட்டியிருக்கிறேன்.

கழுத்துப்பட்டைக்குக் கீழே ஒரு சலவைக் குறி இருந்தது: குடும்பப் பெயரின் முதலெழுத்தும், படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் ஏறத்தாழ 90 இலட்சம் போர்க்காலச் சேர்க்கைப் பதிவுகளை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. சில இரவுகள் உட்கார்ந்து தேடியதில் அந்த எழுத்துக்கும் இலக்கங்களுக்கும் பொருந்தும் 41 பெயர்கள் கிடைத்தன. அவர்களில் யார் ஐரோப்பாவில் இருந்தார்கள் என்று அறியத் தனிநபர் கோப்புகள் வேண்டும். 1912-க்கும் 1960-க்கும் இடையே படையிலிருந்து விடுபட்டவர்களின் தரைப்படைக் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு, 1973-இல் செயின்ட் லூயிஸில் அவை வைக்கப்பட்டிருந்த ஆவண மையத்தில் ஏற்பட்ட தீயில் அழிந்துவிட்டன. எஞ்சியவற்றுக்காவது விண்ணப்பிக்கலாம் என்று சென்ற வாரம் குறியை உருப்பெருக்கியில் மீண்டும் பார்த்தேன். மை மங்கிய கடைசி இலக்கத்தை இதுவரை 3 என்று படித்துவந்தேன். அது 8 ஆகவும் இருக்கலாம் போலிருக்கிறது.